கைவிலங்கும் மரத்துப்போன கட்டைவிரலும்

கேள்வி: டாக்டர், எனக்கு 33 வயது, கணவருக்கு 37. ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். படுக்கையறையில் கையைக் கட்டி, கண்ணை மறைத்து விளையாட வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. கணவரிடம் பேசி, ஆன்லைனில் ஒரு செட் வாங்கினோம். ரோமத்துணி சுற்றிய இரும்புக் கைவிலங்கு, ரெக்சின் பட்டைகள், கண்கட்டு, வாயில் வைக்கும் பந்து, சங்கிலி கோத்த கழுத்துப்பட்டை, இறகு, ஒரு சுருள் கயிறு இவ்வளவும் அதில் இருந்தன. மூன்று வாரத்துக்கு முன் கைவிலங்கையும் கண்கட்டையும் மட்டும் பயன்படுத்திப் பார்த்தோம். அரைமணி நேரம் இருக்கும். எனக்குப் பிடித்திருந்தது. நடுவில் இடது மணிக்கட்டில் சுருக்கென்றது. அவருடைய உற்சாகத்தைக் கெடுக்க வேண்டாமே என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். மறுநாளிலிருந்து இடது கட்டைவிரலின் பின்பக்கம் மரத்தே இருக்கிறது. கணவர் பயந்துபோய், எல்லாவற்றையும் தூக்கிப் போடு, இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்கிறார். விரல் சரியாகுமா? இப்படி ஆசைப்படுவது மனநோயா? இந்தப் பொருள்களில் எதை வைத்துக்கொள்ளலாம்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் விரலைப் பார்ப்போம். மூன்று வாரமாக உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று நினைக்கிறேன்.

முழங்கையிலிருந்து கட்டைவிரல் பக்கமாக இறங்கி வரும் ஒரு மெல்லிய நரம்பு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே தசைகளுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, தோலுக்கும் எலும்புக்கும் நடுவே ஓடுகிறது. ரேடியல் நரம்பின் மேலோட்டமான கிளை அது. அந்த இடத்தில் அதைக் காப்பாற்றக் கொழுப்போ சதையோ அதிகம் கிடையாது. வெளியிலிருந்து இரும்பு அழுத்தினால் உள்ளே எலும்பு தடுக்கும், நடுவில் நரம்பு நசுங்கும். போலீஸ் விலங்கு மாட்டப்பட்டவர்களிடம் இதே மரமரப்பு வருவது மருத்துவ ஏடுகளில் பலமுறை பதிவாகியிருக்கிறது. இறுக்கமான கைக்கடிகாரப் பட்டையாலும், கையில் பிதுங்கும்படி போட்ட வளையலாலும்கூட வரும்.

ஆறுதலான விஷயம், இந்தக் கிளை எந்தத் தசையையும் இயக்குவதில்லை. தொடு உணர்வை மட்டுமே சுமக்கிறது. கட்டைவிரலின் பின்பக்கமும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள தோலும் மதமதவென்று இருக்கும், ஆனால் பிடிப்பு குறையாது. நீங்களே இப்போது பாருங்கள். இடது மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்க முடிகிறதா? கட்டைவிரலை நிமிர்த்தி 'வெற்றி' காட்ட முடிகிறதா? விரல்களை விசிறியாக விரிக்க முடிகிறதா? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் போட்டு, அதை யாராவது இழுத்தால் பிரியாமல் நிற்கிறதா? எல்லாம் வலது கையைப் போலவே இருந்தால் அவசரம் ஒன்றுமில்லை. ஒன்றில் பலம் குறைந்தாலும், சுண்டுவிரலோ உள்ளங்கையோ சேர்ந்து மரத்திருந்தாலும், இந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். வேறு நரம்பும் சிக்கியிருக்கலாம்.

நரம்பின் மேலுறை மட்டும் நசுங்கியிருந்தால் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் உணர்வு திரும்பும். உள்ளே இழையே அறுந்திருந்தால் அது புதிதாக வளர வேண்டும். வளரும் வேகம் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் நுனிவரை கணக்குப் போட்டால் மூன்று, நான்கு மாதம் ஆகும். திரும்பும்போது அந்த இடம் கூசும், சிலருக்கு மின்சாரம் பட்டது போல விர்ரென்று இருக்கும். அது நல்ல அறிகுறி, பயப்படாதீர்கள். ஆறு வாரம் கழித்தும் துளி மாற்றம்கூட இல்லையென்றால் நரம்பில் மின்துடிப்பு எப்படிப் போகிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்து பார்க்கலாம். அதுவரை அந்தக் கையில் வளையல், வாட்ச், கையில் கட்டும் கயிறு எதுவும் வேண்டாம். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள், நசுங்கிய நரம்பை மறுபடி நசுக்குவதாகத்தான் முடியும். சர்க்கரை, தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இவற்றில் கோளாறு இருப்பவர்களின் நரம்பு சின்ன அழுத்தத்துக்கே துவண்டுபோகும். பி12 குறைவில்லாமலே ஊசி போட்டுக்கொள்வதில் பயனில்லை.

சரி, அடுத்தது மனநோயா என்ற கேள்வி. இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய நோய்ப் பட்டியலில் இது போன்ற விருப்பங்களுக்கு ஒரு நோய்ப் பெயர் இருந்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11வது பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். சம்மதமில்லாதவர் மேல் துன்பத்தைத் திணித்து இன்பம் காண்பது மட்டும் இன்றும் அந்தப் பட்டியலில் கோளாறாக இருக்கிறது, இருக்கவும் வேண்டும். இரண்டு வயது வந்தவர்கள் பேசி, விரும்பி, ஒருவர் கையை ஒருவர் கட்டிக்கொள்வதற்கு மருத்துவத்தில் சிகிச்சை கிடையாது, தேவையும் கிடையாது. கையைக் கட்டக் கொடுத்ததால் நீங்கள் கணவருக்கு அடிமையாகிவிடவில்லை. யார் கையில் கொடுக்கிறோம் என்று தேர்ந்தெடுத்தவர் நீங்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லும் உரிமையும் உங்களிடமே இருக்கிறது.

அந்த உரிமையை நீங்கள் பயன்படுத்தவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி. சுருக்கென்றது, சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிமிடத்தில் சொல்லி, அவர் விலங்கைக் கழற்றியிருந்தால், பெரும்பாலும் மறுநாள் காலையில் ஒன்றுமே இருந்திருக்காது. கட்டப்பட்டவர் உடம்பில் என்ன நடக்கிறது என்பது கட்டியவருக்கு வெளியிலிருந்து தெரியாது. விரல் நீலமானால், சில்லிட்டால் தெரியும், அது ரத்த ஓட்டத்தின் கணக்கு. நரம்பு நசுங்கும்போது நிறம் மாறாது, சூடும் மாறாது. மரப்பும் குத்தலும் உள்ளே இருப்பவருக்கு மட்டுமே தெரியும். கூச்சப்பட்டோ, அவர் மனம் கோணுமே என்றோ வாய் மூடி இருந்தால் அவரும் உங்களோடு சேர்ந்து ஏமாறுகிறார். இப்போது அவர் படும் குற்ற உணர்ச்சியையே பாருங்கள். தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பேனே என்று அவர் எத்தனை தடவை நினைத்திருப்பார்!

பலர் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம், சொன்னால் எல்லாமே நின்றுவிடும் என்ற பயம். அதனால்தான் 'நிறுத்து' என்ற ஒரே சொல்லோடு விடக்கூடாது என்கிறேன். சிக்னல் விளக்கின் மூன்று நிறங்களையே பலர் பயன்படுத்துகிறார்கள். 'பச்சை' என்றால் நன்றாக இருக்கிறது. 'மஞ்சள்' என்றால் தொடரலாம், ஆனால் கையைக் கொஞ்சம் தளர்த்து, இடம் மாற்று. 'சிவப்பு' என்றால் காரணம் கேட்காமல் எல்லாவற்றையும் கழற்று. உங்களுக்கு அன்று தேவைப்பட்டது ஒரு மஞ்சள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கட்டியவரே "என்ன நிறம்?" என்று கேட்பதும், கட்டப்பட்டவர் விரல்களை மடக்கி நீட்டிக் காட்டுவதும் வழக்கமாகிவிட்டால், சொல்வதில் இருக்கும் கூச்சம் போய்விடும்.

இதையெல்லாம் உடை மாற்றுவதற்கு முன்பே, தெளிந்த மனதோடு இருக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும். வாத்ஸ்யாயனர் காமசூத்திரத்தில் கூடலின்போது அடிக்கும் பழக்கத்தைப் பற்றி எழுதுமிடத்தில் மூன்று விபத்துகளைச் சொல்கிறார். சோழ மன்னன் ஒருவன் சித்திரசேனை என்ற கணிகையை அப்படிக் கொன்றுவிட்டான். குந்தள நாட்டு சாதகர்ணியின் கையால் அவன் அரசி மலையவதி இறந்தாள். பாண்டியனின் படைத்தலைவன் நரதேவன் ஒரு நடனப் பெண்ணின் கண்ணைக் குருடாக்கினான். பாய்ந்தோடும் குதிரைக்கு வழியிலிருக்கும் குழியோ கம்பமோ தெரியாது, காதல் வேகத்தில் இருப்பவர்களும் அப்படித்தான் என்று அங்கேயே எச்சரிக்கிறார். மூன்றில் இரண்டு கதைகளுக்குச் சோழனும் பாண்டியனும் வந்து நிற்பதால், இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று சொல்பவர்களுக்கு இந்தப் பகுதியை நான் எப்போதும் நினைவூட்டுவேன்.

இனி உங்கள் செட்டுக்கு வருகிறேன்.

இரும்புக் கைவிலங்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். இந்த விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வது சரி. சுற்றியிருக்கும் ரோமத்துணி கண்ணுக்குத்தான் மெத்தை. இழுத்தால் அது அமுங்கிப்போய், உள்ளே இருக்கும் விரலளவு அகலம்கூட இல்லாத தகடு நேராக எலும்பில் உட்காரும். பல்லுப் பல்லாக ஏறும் பூட்டு என்பதால், திமிறும்போது இன்னும் ஒரு பல் ஏறி இறுகும். போலீஸ் விலங்கில், மாட்டிய பிறகு மேலும் இறுகாமல் தடுக்க இரண்டாவது பூட்டு ஒன்று உண்டு. விளையாட்டு விலங்குகளில் பெரும்பாலும் அது இருக்காது. சாவி இல்லாமல் திறக்க ஒரு சின்ன நெம்புகோல் வைத்திருப்பார்கள், மலிவான சரக்கில் அதுவே சிக்கிக்கொள்ளும். மாமியார் கதவைத் தட்டும்போதோ குழந்தை விழித்து அழும்போதோ இதோடு போராடிக்கொண்டிருக்க வேண்டுமா?

ரெக்சின் பட்டைகளை எடுத்துப் பாருங்கள். அகலம் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், உள்ளே மென்மையான துணியோ பஞ்சோ வைத்து, ஓரம் மடித்துத் தைத்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். பக்கிளை விட வெல்க்ரோ நல்லது, ஒரே இழுப்பில் வந்துவிடும். மாட்டிய பிறகு பட்டைக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களைப் பிடுங்கும் நோயாளிக்குக் கை கட்டும்போது செவிலியர் பார்ப்பதும் இதே இரண்டு விரல் அளவுதான். அங்கே கட்டிவிட்டுப் போய்விட மாட்டார்கள், மறுபடி மறுபடி வந்து விரல் நிறம், சூடு, அசைவு பார்த்துக்கொண்டே இருப்பார்கள். உண்மையான தோலில் செய்த பட்டை நன்றாகவே இருக்கும், ஆனால் நம் ஊர் மழைக்காலத்தில் பெட்டிக்குள் பூஞ்சை பிடிக்கும். துடைத்து, நிழலில் உலர்த்தி வைக்க வேண்டும். கண்ணாடி வளையலைக் கழற்றாமல் பட்டை போடாதீர்கள். உடைந்தால் மணிக்கட்டில்தான் கிழிக்கும்.

பட்டையை எங்கே கொக்கி போடுகிறீர்கள் என்பது பட்டையை விட முக்கியம். உடம்பின் எடை மணிக்கட்டில் தொங்கக் கூடாது. மின்விசிறிக் கொக்கி, ஜன்னல் கம்பி, கதவின் மேல்சட்டம் எதுவும் வேண்டாம். நின்றபடி கட்டினால் மயக்கம் வந்து சரியும்போது முழு எடையும் கையில் விழும். படுத்தபடி, முழங்கை மடங்கியிருக்க, கை தலைக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். கையை நேராக மேலே நீட்டிக் கட்டினால் தோளிலிருந்து இறங்கும் நரம்புக் கூட்டமே இழுபடும். கையைப் பின்னால் கட்டிக் குப்புறப் படுக்க வைப்பது மூச்சையே தடுக்கலாம், அதைச் செய்யவே கூடாது. ஒரே நிலையில் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கட்டிய ஆளைத் தனியாக விட்டுவிட்டு, தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று சமையலறைக்குக்கூடப் போகக் கூடாது.

கயிறு அழகானது, ஆனால் கற்றுக்கொண்டு செய்ய வேண்டியது. ஜப்பானியர்களின் கயிற்றுக்கட்டுப் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு ஆரம்பிப்பவர்கள், அதைச் செய்பவர்கள் வருடக்கணக்கில் பழகியவர்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆளைத் தொங்கவிடும் கட்டு வீட்டில் முயலும் காரியமே இல்லை. வேண்டுமானால் பருத்திக் கயிறு, 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமன், ஒரே சுற்றாக இல்லாமல் நான்கைந்து சுற்று பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து. தேங்காய்நார்க் கயிறு தோலை உரிக்கும். நைலான் கயிறு வேகமாக இழுபட்டால் சூட்டில் காயமாக்கும். துப்பட்டா, பட்டுச் சேலை, டை இவற்றை மென்மையானவை என்று நம்பிக் கட்டுவார்கள். இழுக்க இழுக்க முடிச்சு இறுகி, நகம் வைத்தாலும் பிரியாது. வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் கேபிள் டையைத் தொடவே வேண்டாம். முழங்காலுக்கு வெளிப்பக்கம் சற்றுக் கீழே, மேல்கையின் நடுப்பகுதி, அக்குள் ஆகிய இடங்களில் கயிறு அழுத்தக் கூடாது. முழங்காலுக்குக் கீழே நரம்பு நசுங்கினால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகும், மேல்கையில் நசுங்கினால் மணிக்கட்டு தொங்கிவிடும்.

எது பயன்படுத்தினாலும் கைக்கெட்டும் இடத்தில் ஒரு பேண்டேஜ் கத்தரிக்கோல் இருக்கட்டும். அறுவைச் சிகிச்சைப் பொருள்கள் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். கீழ்த்தாடையின் முனை தட்டையாக, மழுங்கி இருப்பதால் தோலைக் குத்தாமல் துணிக்கடியில் நுழையும். கயிறு வாங்கிய அன்றே ஒரு துண்டை அதனால் வெட்டிப் பாருங்கள். வெட்ட மனம் வராத விலைக்குக் கயிறு வாங்காதீர்கள்.

கழுத்துப்பட்டையில் இருக்கும் சங்கிலியைக் கழற்றி எறியுங்கள். வெறும் அணிகலனாகத் தளர்வாகப் போட்டுக்கொள்வது உங்கள் விருப்பம், தாலிச் சங்கிலியோடு சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தை இழுப்பது, அழுத்துவது எந்த வடிவத்திலும் கூடாது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டால் பத்து நொடியில் நினைவு தப்பலாம். குழாயின் உட்சுவர் கிழிந்து, சில நாள் கழித்து பக்கவாதம் வந்தவர்களும் உண்டு. பாதுகாப்பாகக் கழுத்தை நெரிக்கும் முறை என்று இணையத்தில் யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அப்படி ஒன்று கிடையாது.

வாய்ப்பந்தும் இப்போது வேண்டாம். பேசக் கற்றுக்கொள்ள வேண்டிய நேரத்தில் வாயை அடைப்பானேன்? சளி பிடித்திருந்தால், வாந்தி வந்தால் அது உயிருக்கே வினையாகும். வருங்காலத்தில் எப்போதாவது பயன்படுத்துவதாக இருந்தால், கட்டப்பட்டவர் கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்துவிடுங்கள். அதைக் கீழே போட்டால் சிவப்பு என்று அர்த்தம்.

கண்கட்டும் இறகும்தான் உங்கள் செட்டில் தங்கம். நீங்கள் அன்று ரசித்ததில் பாதிக்கு மேல் கண்கட்டு தந்ததாகவே இருக்கும். அடுத்த தொடுகை எங்கே, எப்போது என்று தெரியாதபோது உடம்பு முழுவதும் காத்திருக்கிறது. விரல் நுனி பட்டால்கூடப் பெரிதாக உணர்கிறது. இறகு, பட்டுத்துணி, வெதுவெதுப்பான எண்ணெய், ஐஸ் கட்டி என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். ஐஸ் கட்டியை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் வைக்காமல், மேல்பக்கம் நனைந்த பிறகு வையுங்கள், இல்லையென்றால் தோலில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் பட்டால் ரப்பர் ஆணுறை பலமிழந்து கிழியும், அதையும் கவனியுங்கள். மெழுகுவர்த்தி ஆசை இருந்தால் வாசனையும் நிறமும் சேராத சாதாரண வெள்ளை மெழுகு, முதல் சொட்டு கணவரின் முன்கையில். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் கண்ணைக் கட்டும் முன் கழற்றிவிடுங்கள். கண்ணையும் காதையும் ஒரே நேரத்தில் மறைத்தால் சிலருக்குப் படபடப்பு வரும், முதலில் ஒன்றோடு நிறுத்துங்கள்.

கையைக் கட்டாமலே "நான் சொல்லும்வரை கட்டில் விளிம்பை விடாதே" என்று ஒரு விதி வைத்துக்கொள்வதும் ஒரு கட்டுதான். உங்கள் நரம்பு ஆறும்வரை எனது சிபாரிசு அதுவே. இடது கையில் எந்தப் பட்டையும் வேண்டாம்.

உங்கள் கணவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் இப்போது வேண்டாம் என்கிறார். கட்டப்படுபவரின் சம்மதத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், கட்டுபவருக்கும் சம்மதம் வேண்டும் என்பது மறந்துபோகிறது. உங்களைக் காயப்படுத்திவிட்டோம் என்ற பயத்தோடு இருப்பவரை, எனக்காகச் செய்யுங்கள் என்று நெருக்காதீர்கள். அவரிடம் இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள். நரம்பு ஏன் நசுங்கியது, அதில் பொருளின் பங்கு என்ன, நீங்கள் சொல்லாததன் பங்கு என்ன என்று அவருக்குத் தெரியட்டும். கொஞ்ச நாள் கழித்து, முதலில் அவர் கண்ணை நீங்கள் கட்டிப் பாருங்கள். அந்தப் பக்கம் எப்படி இருக்கிறது என்று அவருக்கும் தெரிவது நல்லது. முடிந்த பிறகு உடனே எழுந்து போய்விடாமல், போர்வை, தண்ணீர், பத்து நிமிடப் பேச்சு வேண்டும். மறுநாள் காரணமில்லாமல் மனம் கனத்தால் இருவரும் சொல்லிக்கொள்ளுங்கள், அது பலருக்கும் வருவதுதான். குடித்திருக்கும் நாளில் இதெல்லாம் எதுவும் வேண்டாம். பெட்டி பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், ஆறு வயதுக் குழந்தையின் கை எல்லா இழுப்பறைக்கும் போகும்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் வேறொரு பெண், "எனக்கு விருப்பமில்லாமல் கட்டுகிறார், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவதில்லை" என்ற நிலையில் இருந்தால், அவருக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அது வன்முறை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் உள்ளடக்கியது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம்.

நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டியிருந்தால் என்ன சொல்வது என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். எதற்காக, யாரோடு என்ற கதை அவருக்குத் தேவையில்லை. "இன்ன தேதியில், அகலம் குறைந்த இரும்பு வளையம் ஒன்று இடது மணிக்கட்டை அரைமணி நேரம் அழுத்தியது, அன்றிலிருந்து கட்டைவிரலின் பின்பக்கம் மரத்திருக்கிறது" என்று சொல்லுங்கள். எந்த இடத்தில் அழுத்தியது என்று தொட்டுக் காட்டுங்கள். மரத்திருக்கும் பகுதியின் எல்லையை இன்றே பேனாவால் கோடு போட்டு ஒரு போட்டோ எடுத்து வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே போல எடுங்கள். கோடு சுருங்கிக்கொண்டே வந்தால் நரம்பு ஆறிக்கொண்டிருக்கிறது.